புதுப்பிப்பு: சுரூபக் கண்காட்சிக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்

எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் நடக்கவிருக்கும் பழைய சுரூபக் (மாதா, புனிதர் சிலைகளின்) கண்காட்சிக்குத் தொண்டர்கள் வேண்டும் என்றும், மரச்சுரூபங்களைத் தேங்காய் எண்ணெயால் துடைக்கலாமா என்றும் போன மாதம் கேட்டிருந்தேன். பதினொரு பேர் வந்தார்கள்; ஏழு பேர் அம்மம்மாமார். எண்ணெய் வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கு நன்றி. அது புழுதியைப் பிடித்துவைக்கும். வன்னிப் புழுதியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! இப்போது காய்ந்த மென்தூரிகை மட்டும்தான்.

நேற்று ஒரு மாதா சுரூபத்தில் புழுதி தட்டினோம். முக்காட்டில் நீலம் உதிர்ந்த இடத்தில் பொன்பூச்சு தெரிந்தது. பாதத்தில் நிறமே இல்லை. முத்தமிட்டு முத்தமிட்டே தேய்ந்திருக்கிறது. புதிதாக வர்ணம் பூசலாம் என்று ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். நான் விடவில்லை.

மன்னார் மடுத் தேவாலயத்து மாதா சுரூபம் போரின்போது 2008 ஏப்ரலில் தேவன்பிட்டி என்ற ஊருக்குப் போய் ஆகஸ்டில் திரும்பிய கதைக்குத் தனிப் பலகை உண்டு. பருத்திக் கையுறைதான் போதவில்லை. வியர்வைக் கை பொன்பூச்சைக் கெடுத்துவிடும்; இருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.