பழைய ஜாயின்டர்: வால் பக்கம் கடிக்கிறது, ஒட்டினால் நடுவில் வெளிச்சம்

இணுவில்_மரம்
அப்பாவின் பட்டறையில் துருப்பிடித்துக் கிடந்த 6 அங்குல வார்ப்பிரும்பு ஜாயின்டரை (பலகையின் ஓரத்தை நேராகச் சீவும் மெசின்) துப்புரவாக்கி, பெயரிங் மாற்றி ஓட விட்டிருக்கிறேன். அலகுகளும் தீட்டியாச்சு. ஆனால் பலாப் பலகையைத் தள்ளினால் கடைசி இரண்டு அங்குலம் பள்ளமாகிறது. இரண்டு பலகையைச் சேர்த்துப் பிடித்தால் நுனிகள் பொருந்துகின்றன, நடுவில் வெளிச்சம் தெரிகிறது. மேசைக்குக் கீழே தகடு கொடுக்கச் சொல்கிறார்கள். எந்தப் பக்கம்?

சுன்னாகம்_பட்டறை
தம்பி, தகட்டை இப்ப தொடாதீங்கோ. இது இரண்டு வெவ்வேறு பிழை.

வாலில் கடிப்பது, பின்மேசை (அலகைத் தாண்டிப் பலகை போகும் பக்கம்) அலகை விடத் தாழ்ந்து கிடப்பதால். பலகை முன்மேசையை (தள்ளத் தொடங்கும் பக்கம்) விட்டு விலகியதும் பின்மேசையில் சரிந்து இறங்கும், அலகு ஆழமாக வெட்டும். பின்மேசை உயர்ந்திருந்தால் பலகையின் தலை அதன் விளிம்பில் முட்டும்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கோ, சுவிட்சை நிறுத்தினால் மட்டும் காணாது. நேரான மரச்சட்டம் ஒன்றைப் பின்மேசையில் கிடத்தி, நுனி அலகுக்கு மேலே நீளட்டும். மேசை விளிம்புக்கு நேரே சட்டத்தில் கோடு போட்டு, புல்லியைப் பிடித்து, அலகு பூட்டிய உருளையை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கோ. அலகு சட்டத்தைக் கிட்டத்தட்ட 3 மிமீ இழுத்தால் சரி. கூட இழுத்தால் பின்மேசையை உயர்த்த வேண்டும். எல்லா அலகும், இரண்டு ஓரத்திலும், ஒரே அளவு இழுக்க வேண்டும். வித்தியாசம் வந்தால் அலகைத்தான் சரிசெய்ய வேண்டும், மேசையை அல்ல.

காரைநகர்_லேத்
நடுவில் வெளிச்சம் என்றால் மேசைகளின் வெளிநுனி தொங்குகிறது. இரண்டு மேசைக்கும் குறுக்கே நீளச் சட்டம் வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். மேசன்மாரின் அலுமினியச் சட்டத்தை நம்பிவிட வேண்டாம். அதை வைத்துப் பிளைவுட்டில் ஒரு கோடு கீறி, சட்டத்தைப் புரட்டி அதே ஓரத்தால் மறுபடி கீறுங்கள். கோடுகள் பிரிந்தால் சட்டமே வளைவு.

இணுவில்_மரம்
பின்மேசையை உயர்த்தினேன், கடி நின்றுவிட்டது. முன்மேசையின் வெளிநுனி 0.3 மிமீ தாழ்வு. இப்ப தகடா?

காரைநகர்_லேத்
முதலில் மேசை வழுக்கும் சாய்தளத்தின் பக்கத்திலுள்ள கிப் திருகுகளை (மேசை ஆடாமல் இறுக்கிப் பிடிப்பவை) பாருங்கள். பழைய மெசினில் அதிகம் அதுதான் தளர்ந்திருக்கும். இறுக்கியும் தொங்கினால், சாய்தளத்தின் கீழ்முனையில் சோடா டின் தகட்டுத் துண்டு ஒன்று வையுங்கள். அது 0.1 மிமீ அளவுதான், ஆனால் நீண்ட மேசையின் நுனியில் அதைவிடக் கூடத் தெரியும்.

இணுவில்_மரம்
கிப் திருகுதான் அண்ணை. இறுக்கியதும் நுனி மேலே வந்துவிட்டது, தகடு தேவைப்படவில்லை. பலகையை அணைத்துத் தள்ள மேசைப் பக்கத்தில் நிற்கும் வேலி மட்டும் மேசைக்குச் சரியாக 90 பாகையில் நிற்க மாட்டேன் என்கிறது.

சுன்னாகம்_பட்டறை
ஒட்டுகிற வேலைக்கு அது பெரிய விசயமில்லை. ஒரு பலகையின் முகப்பு வேலியில் படும்படி சீவுங்கோ, மற்றதை முகப்பு வெளியே தெரியும்படி சீவுங்கோ. ஒன்றின் சரிவை மற்றது ஈடுசெய்யும், மேல் தட்டையாக வரும். பனஞ்சிலாகையை மட்டும் அதில் தள்ளிவிடாதீங்கோ, தீட்டின அலகு போய்விடும்.