அப்பாரு (தாத்தா) துப்பாக்கி: பெரியதோட்டம் குடும்ப வாட்ஸ்அப் குழு

கார்த்தி: பீரோவுக்குப் பின்னாடி அப்பாரு துப்பாக்கி இருக்கிறதுங்க. உரச்சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். என்ன செய்யட்டும்?

கௌரி நங்கை: அய்யோ, உள்ளே தோட்டா இருக்கிறதா? குழந்தைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள்

கார்த்தி: இல்லைங்க, மடக்கிப் பார்த்துவிட்டேன். ரெண்டு குழலும் காலி. தோட்டா 11, ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியாக

மணி அண்ணன்: டேய், அதைத் தோளில் வைத்து எடுத்த போட்டோவை முதலில் ஸ்டேட்டஸில் இருந்து எடு

கார்த்தி: எடுத்துவிட்டேன்

மணி அண்ணன்: 43 பேர் பார்த்த பிறகு

ராசு சித்தப்பா: தாலுகா ஆபீஸில் 31 வருசம் இருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள். லைசென்ஸ் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை. புத்தகத்தில் 2027 வரை போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், அது அய்யன், அதாவது உங்கள் அப்பாரு, பேருக்கு 2022ல் புதுப்பித்தது (முன்னே 3 வருசம், 2019 திருத்தத்துக்கு அப்புறம் 5), அவர் போனதோடு அந்தக் கணக்கு முடிந்தது. லைசென்ஸ் இல்லாதவர் வைத்திருந்தால் 2 முதல் 5 வருசம் வரை உள்ளே. அதனால் முதலில் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது. அப்புறம் வாரிசுச் சான்றிதழோடு யாராவது ஒருத்தர் ஈரோடு கலெக்டருக்கு மனு, மற்ற வாரிசுகள் தடையில்லை என்று கையெழுத்து, டாக்டர் சர்டிபிகேட், போலீஸ் விசாரணை. லைசென்சுக்கு யுஐஎன் என்று தனி அடையாள நம்பர் இருக்கிறது, எல்லாம் டெல்லி கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. 2016 விதிப்படி 70 வயசானாலே வாரிசு பேருக்கு மாற்றக் கேட்டிருக்கலாம், எத்தனை தடவை சொன்னேன்

கௌரி நங்கை: சரிங்க மாமா

சாந்தி அத்தை: கையெழுத்தா? கிணற்றுப் பாகத்துக்கு நான் போட்ட கையெழுத்தே போதும் தம்பி

ராசு சித்தப்பா: அக்கா, அது வேறு இது வேறு

சாந்தி அத்தை: அன்றைக்கும் இதைத்தான் சொன்னாய்

மணி அண்ணன்: என் பேருக்கு வாங்கலாமே. மக்காச்சோளத்தை ராத்திரியெல்லாம் பன்றி உருட்டுகிறது

ராசு சித்தப்பா: லைசென்ஸ் இருந்தாலும் நீ சுட முடியாது. காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்த பன்றியை வனத்துறை ஆள்தான் சுடணும்

மணி அண்ணன்: அதற்குள் பன்றி அறுவடை முடித்துவிடும்

கௌரி நங்கை: காரியத்துக்கு இலை 400 சொன்னால் போதுமா?

சாந்தி அத்தை: 500. கோபிக்காரர்கள் வேன் வைத்து வருகிறார்கள்

கார்த்தி: லைசென்ஸ் புத்தகத்துக்குள் 2024 எம்பி எலக்சனுக்குத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது இருக்கிறது. நாலாக மடித்து, வெற்றிலைக் கறையோடு

சாந்தி அத்தை: எலக்சன் வந்தாலே முதல் ஆளாகப் போவார். திரும்ப வாங்கிவந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். அந்தத் துணியைக் கூட நம்மைத் தொட விட மாட்டார்

கார்த்தி: நான் பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிடட்டுமா?

ராசு சித்தப்பா: நீ தொடாதே. ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, வெள்ளி காலை நானே காரில் வருகிறேன். பத்தரைக்கு ராகுகாலம், அதற்கு முன்னே

மணி அண்ணன்: அப்போது மனு யார் பேருக்கு?

ராசு சித்தப்பா: காரியம் முடியட்டும்

சாந்தி அத்தை: முடிந்த பிறகும் என்னைக் கேட்டுவிட்டு

கௌரி நங்கை: தயிர் யார் சொல்கிறீர்கள்?