புதுப்பிப்பு: கண்டாங்கி ஒட்டுப்போர்வையில் இறங்கிய அரக்குச் சாயம் நீங்கியது

அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைகளை வெட்டித் தைத்த ஒட்டுப்போர்வையை முதன்முறை அலசியபோது, அரக்குச் சாயம் வெள்ளை மல் துணிக் கட்டங்களில் இறங்கிவிட்டது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த நல்ல வெந்நீரில், போர்வை மிதக்கும்படி இரவு முழுவதும் ஊறவைக்கச் சொன்ன காரைக்குடிச் சகோதரியின் யோசனைதான். தண்ணீர் தாராளமாக இருந்தால்தான் பிரிந்த சாயம் திரும்பவும் துணியில் படியாது என்பதால், வாளியை ஒதுக்கிவிட்டுப் பரணிலிருந்து சீர் அண்டாவை இறக்கினோம். விடிந்து பார்த்தால் தண்ணீர் நன்னாரி சர்பத் நிறத்தில் இருந்தது. அது தெளிந்து நிற்கும்வரை வெந்நீரை மாற்றினேன். கறை முழுவதும் போகும்வரை போர்வையைக் காயவிடவில்லை.

உப்பையும் வினிகரையும் ஒரு வெட்டுத்துண்டில் சோதித்ததில் பயனில்லை. பருத்தியில் சாயம் ஏறுவதற்காகவே சாயத்தொட்டியில் உப்பைச் சேர்க்கிறார்கள் என்னும்போது, இறங்கிய சாயத்தை அது எப்படி எடுக்கும்?

எதிர்பாராதது ஒன்று: நெருக்கமாக நெய்த கரையும் சேலையின் உடல் பகுதியும் ஒரே அளவாகச் சுருங்காததால், அவை சேரும் தையல்கள் அலையலையாகிவிட்டன. பிள்ளைகளின் பரீட்சை நேரத்தில் பிரித்துத் தைக்க இயலாது. பார்க்க அழகாகவே இருப்பதால் விட்டுவிட்டேன். சமமாக வேண்டுவோர், கரையையும் உடலையும் தனித்தனியே வெந்நீரில் நனைத்து உலர்த்திய பிறகு வெட்டலாம்.