வெளிநாட்டில் படித்தபோது வீட்டையும் படிப்பையும் எப்படிச் சமாளித்தீர்கள்?

திருவான்மியூர் அக்கா:

என் தங்கை வரும் செப்டம்பரில் இங்கிலாந்து கிளம்புகிறாள். ஓராண்டு முதுகலை. விசா, கடன், பெட்டியில் எத்தனை கிலோ என்பதையெல்லாம் சொல்ல ஊரே இருக்கிறது. தி.நகரில் குக்கர் வாங்கியாயிற்று. ஆனால் போன பிறகு படிப்பு ஒரு பக்கம், பார்ட் டைம் வேலை ஒரு பக்கம், வீட்டிலிருந்து வரும் போன் ஒரு பக்கம் என்று இழுக்குமே, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அறிவுரை வேண்டாம், அது எங்கள் பெரியப்பாவிடமே வேண்டிய அளவு கிடைக்கும். உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

வேளச்சேரி தரைத்தளம்:

2023 டிசம்பர். டெக்சாஸில் என் முதல் செமஸ்டர், இறுதித் தேர்வுகள் தொடங்கும் நேரம். இங்கே மிக்ஜாம் புயல். டிசம்பர் 4, திங்கள்கிழமை காலையில் அம்மா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துடுச்சு, அரிசி மூட்டையைப் பரண்ல ஏத்திட்டோம், நீ படி." அதற்குப் பிறகு நான் அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். கரண்ட் இல்லை, டவர் இல்லை. எனக்கும் சென்னைக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே பொழுது விடிந்து யாராவது வெளியே போய்ப் பார்த்துச் சொல்வார்கள் என்றால் அங்கே எனக்கு ராத்திரி ஆகிவிடும். யாரோ போட்ட வீடியோவில் எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப் போர்டு தெரிகிறதா, அதில் எந்த எழுத்து வரை தண்ணீர் நிற்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை எனக்கு அல்காரிதம் தேர்வு.

ரூம்மேட் குண்டூர்க்காரன். "அந்தப் பாடத்திலிருந்தே விலகிவிடு, அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்" என்றான். நல்ல மனசில்தான் சொன்னான். ஆனால் எஃப்-1 என்கிற அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேர மாணவருக்கான கிரெடிட்டுக்குக் கீழே அனுமதி இல்லாமல் இறங்கினால் விசா ஸ்டேட்டஸே சிக்கலாகிவிடும். அதனால் முதலில் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போனேன். 'இன்கம்ப்ளீட்' என்று ஒரு வழி இருப்பதை அங்கேதான் சொன்னார்கள். செமஸ்டரின் பெரும்பகுதியை ஒழுங்காக முடித்தவர் எதிர்பாராத காரணத்தால் கடைசியில் தடுக்கப்பட்டால், பேராசிரியர் சம்மதித்தால், கிரேடு போடாமல் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு எழுதி முடிக்கலாம். பேராசிரியருக்கு நாலு வரி மெயில் அனுப்பினேன், புயல் செய்தியின் லிங்க்கையும் சேர்த்து. பெரிய விசாரணை நடக்கும் என்று நினைத்தால், "ஜனவரியில் எழுது, வீட்டில் எல்லோரும் நலமா?" என்று பதில் வந்தது. நம் ஊர்க் கல்லூரியில் ஓ.டி. ஷீட்டுக்கு, அதாவது கல்லூரி வேலையாக வகுப்புக்கு வராததற்கான அனுமதித் தாளுக்கு, கையெழுத்து வாங்க அலைந்த எனக்கு நம்பவே முடியவில்லை.

மூன்றாம் நாள் மாடி வீட்டுக்காரர் போனிலிருந்து அப்பா கூப்பிட்டார். படகு வந்தது, பால் கிடைக்கவில்லை, பீரோவின் அடித்தட்டு போய்விட்டது, எதையும் சொல்லவில்லை. முதல் கேள்வி: "எக்ஸாம் எழுதிட்டியா?" இல்லை என்றேன். "ஏன்?" என்றார். வெள்ளத்துக்குப் பயந்து மாடி ஏறி உட்கார்ந்திருக்கிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது!

மயிலாப்பூர் அம்மா:

நான் பையனை அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பவள். எழுதலாம் இல்லையா?

அவன் ஜெர்மனியில், ஆக்கன் நகரில். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேரம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் மூன்றரை. நான் வேலையெல்லாம் முடித்து ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அவன் லேபில் இருப்பான். "அப்புறம் பேசறேன்மா" என்பான். தினமும் அதையே கேட்டு எனக்கு மனத்தாங்கல், அவனுக்கு எரிச்சல். இப்போது வார நாளில் போன் கிடையாது, சாப்பிட்ட தட்டை மட்டும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பெரும்பாலும் தயிர் சாதம், சில நாள் வெறும் ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும், ஊர் சுற்றவும் வழியில்லை. அன்றுதான் பேச்சு. போனை எண்ணெய் பாட்டில்மேல் சாய்த்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவான். பாதி நேரம் அவன் முழங்கை மட்டும்தான் தெரியும். எனக்கு அது போதும்.

சொல்ல வந்தது வேறு. ஒரு ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, அவன் தாத்தாவுக்கு நெஞ்சு வலி. அவனுக்கு பிப்ரவரியில் பரீட்சைகள். அங்கே பல படிப்புகளில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுத விடுவார்கள், மூன்றிலும் தேறாவிட்டால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. அவன் ஒரு பாடத்தில் ஏற்கெனவே ஒரு தடவை தேறாமல் போயிருந்தான். வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் "குழந்தைக்குச் சொல்லாதே" என்றார்கள். நான் அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். ஐ.சி.யூ., ஸ்டென்ட், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும். என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பரீட்சை முடிந்த பிறகு பையன் சொன்னான்: "எதுன்னாலும் நீ சொல்லிடுவேன்னு தெரியும். அதனால போன் வராத நாள்ல எனக்குப் பயம் இல்லம்மா." அவனோடு தங்கியிருந்த மதுரைப் பையனுக்குப் பாட்டி தவறியதே, அத்தை மகன் ஸ்டேட்டஸில் வைத்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். இப்போது ஊரிலிருந்து வேளைகெட்ட வேளையில் யார் கூப்பிட்டாலும் அந்தப் பிள்ளை பதறுகிறான். படிப்புக் கெடக்கூடாது என்றுதான் மறைக்கிறோம் என்பார்கள். கெடுவது அதில்தான்.

வேளச்சேரி தரைத்தளம்:

அம்மா, இதை எங்கள் அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். போன வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது எனக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லித்தான் தெரியும்.

பெரம்பூர்:

அக்கா, தங்கை போவது இங்கிலாந்து என்பதால் வேலை விஷயம் மட்டும் சொல்கிறேன். பட்டப்படிப்பு, முதுகலை மாணவர்களுக்கு வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, இளங்கலைப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை உண்டு, முழு நேரம் வேலை பார்க்கலாம். ஓராண்டு முதுகலையில் அந்தக் கோடையில்தான் டெசர்டேஷன், அதாவது ஆய்வறிக்கை எழுதும் வேலை. அது விடுமுறைக் கணக்கில் வராது, 20 மணி நேரம்தான். என் வகுப்பில் ஒருவர் ஜூனில் கிடங்கு வேலைக்கு முழு ஷிப்ட் ஒப்புக்கொண்டு, யாரோ சொல்லிக் கடைசி நேரத்தில் விலகினார்.

நான் சூப்பர்மார்க்கெட்டில் வெள்ளி, சனி மட்டும் எடுத்தேன். ஃப்ரீசர் பக்கம் நின்றுவிட்டு வந்தால் விரல் மடங்காது, அன்று ராத்திரி லேப்டாப்பைத் திறப்பது வெறும் சடங்கு. வியாழக்கிழமை ஆனால் சூப்பர்வைசரிடமிருந்து "இந்த வாரம் கூடுதலாக வர முடியுமா" என்று மெசேஜ் வரும். காசு ஆசை இல்லாமலா? அப்பா ரிட்டயர்டு, கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அந்தத் தாளை அப்பாவே எடுத்துப் படித்துவிட்டு, "அப்புறம் எதுக்குடா ஐஸ்ல நிக்கிற?" என்றார். அதன் பிறகு மெசேஜுக்கு முடியாது என்று சொல்வது சுலபமாகிவிட்டது.

ஓ.எம்.ஆர். இரவு ஷிப்ட்:

காதலைப் பற்றி யாருமே எழுதவில்லையே, எல்லோரும் அவ்வளவு நல்ல பிள்ளைகளா? நான் மெல்பர்ன். அங்கே கோடையில் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அவள் சோழிங்கநல்லூரில் ஆபீஸ் முடித்து கேப் ஏறும்போது எனக்கு ராத்திரி ஒன்றரை. காலை ஒன்பதுக்கு டுடோரியல். நிறையச் சண்டை. இப்போது அவள் என் மனைவி, இந்தக் கணக்கிலும் அவளுக்கு பாஸ்வேர்டு தெரியும், ஆகவே இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திருவான்மியூர் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. தங்கை மயிலாப்பூர் அம்மா எழுதியதை எங்கள் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பெரம்பூர் தம்பி, இன்னொன்று. அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, பரீட்சை நேரத்தில் கட்டாயம் வரும். அங்கே டாக்டரைப் பார்ப்பது எப்படி?

பெரம்பூர்:

விசாவோடு சேர்த்து மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. அதற்கு மேல் டாக்டரைப் பார்க்க ஃபீஸ் கிடையாது. தங்கும் முகவரி கிடைத்ததுமே பக்கத்து ஜி.பி. (பொது மருத்துவர்) கிளினிக்கில் பதிவு செய்யச் சொல்லுங்கள், தலைவலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இங்கே பார்த்த டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளட்டும். பரீட்சை நாளில் முடியாமல் போனால், அவகாசம் கேட்டு விண்ணப்பிக்கப் பல்கலைக்கழகத்திலேயே ஒரு படிவம் இருக்கும். அப்போது அந்தக் கடிதத்தோடு அங்குள்ள ஜி.பி.யின் குறிப்பையும் இணைக்கலாம்.