குளவி கொட்டிய கோப்பு: மலையகத்தில் வெளிநாட்டுக் காப்புறுதி விசாரணை அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து ஒரு விசாரணையாளர்:

காப்புறுதிப் பணம் கேட்டு வரும் கோரிக்கைகள் உண்மையா என்று விசாரிப்பதுதான் என் வேலை. பதினோரு வருடங்களாக இதைச் செய்கிறேன். இங்கிலாந்து, கனடா காப்புறுதி நிறுவனங்களின் கோப்புகள் கொழும்பிலுள்ள ஒரு முகவர் நிறுவனத்துக்கு வரும். மலையகம் என்றால் எனக்கு அனுப்பிவிடுவார்கள். எத்தனையோ கோப்புகளை முடித்து மறந்துவிட்டேன். இந்த ஒன்று மட்டும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர் அவர். வயது 63. தங்கை மகளின் கல்யாணத்துக்கு வந்தவர், பழைய மலையைப் பார்க்க ஏறிய இடத்தில் குளவி கொட்டி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகப் பயணக் காப்புறுதியில் பணம் கேட்டிருந்தார்.

கோப்பைப் பரிசீலித்த வெளிநாட்டு அதிகாரி நான்கு இடங்களில் சிவப்புக் கோடு இழுத்திருந்தார். குளவி கொட்டியதற்கு இத்தனை நாள் மருத்துவமனையா? கடவுச்சீட்டில் ஒரு பெயர், அரசாங்க வைத்தியசாலையின் டயக்னோசிஸ் கார்டில் (வீட்டுக்கு அனுப்பும்போது நோய் விவரம் எழுதிக் கொடுக்கும் அட்டை) இன்னொரு பெயர். அந்தக் கார்டு தண்ணீரில் நனைந்து, துண்டு வெட்டிய, அதாவது வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய திகதி அழிந்திருக்கிறது. 24 மணி நேர அவசர உதவி எண்ணுக்கு யாரும் அழைக்கவில்லை. கோப்பில் அவருக்குத் திருப்தி தந்தது ஒரே ஒரு தாள்: தனியார் மருத்துவமனை ஒன்றின் நான்கு நாள் பில். கணினியில் அடித்து, சீல் குத்தி, மடிப்புக்கூட இல்லாமல் இருந்தது.

முதல் கேள்வியைப் படித்ததுமே எனக்குக் கோபம் வந்தது. குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்று தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது என் பெரியம்மா கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து லயத்து வாசலில் விழுந்தார். முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. கூட்டமாகக் கொட்டினால் மூச்சு அடைக்கும், இரத்த அழுத்தம் விழும், சில நாட்களில் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். கொழுந்து பறிக்கப் போன இடத்தில் இப்படி உயிரை விட்டவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

ஆனால் கோபத்தை அறிக்கையாக எழுத முடியாது. அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கடிதம் இல்லாமல் எந்த வைத்தியசாலையிலும் நோயாளியின் ஏட்டைக் கேட்கக் கூடாது. கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

முதலில் தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போனேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. அங்கிருந்த பழைய கொப்பியில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு பெயர்கள் இருந்தன. ஐந்து பேர் கொழுந்து பறித்த பெண்கள். ஆறாவது, இவருடைய வீட்டுப் பெயர். தோட்டத்தில் அவரை இன்றும் அந்தப் பெயரில்தான் தெரியும். ஆறு பேரையும் ஒரே லொறியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண்களில் மூவரைப் பார்த்தேன். ஒரு அம்மா கையை நீட்டித் தழும்பைக் காட்டினார். "கம்பளியை எடுத்து அவர் மேல் போர்த்தியது நான்தான் தம்பி. அதற்குள் தலை முழுக்கக் கொட்டிவிட்டது" என்றார்.

பிறகு ஆதார வைத்தியசாலை. அனுமதிப் பதிவேட்டில் அதே நாள், மருந்துச்சாலை நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் கழித்து, அதே வீட்டுப் பெயர். பெட் ஹெட் டிக்கெட் எனும் வார்ட் நோயாளி ஏட்டின் எண்ணும் நனைந்த கார்டில் இருந்த எண்ணும் ஒன்று. செவ்வாய் முதல் அடுத்த திங்கள் வரை ஒவ்வோர் இரவும் இரத்த அழுத்தமும் சிறுநீர் அளவும் குறித்திருந்தார்கள். மனிதர் உண்மையாகவே சாவின் விளிம்பில் கிடந்திருக்கிறார்.

அங்கேதான் என் வயிறு கலங்கியது. தனியார் பில்லின்படி வியாழக்கிழமையே அவரை அங்கே மாற்றி, நான்கு இரவுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். ஒரே ஆள் ஒரே இரவில் இரண்டு கட்டிலில் எப்படிப் படுப்பார்?

பில்லில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு நான் அழைக்கவில்லை. அப்படி அழைத்தால் பில் போட்டவரே எடுத்து எல்லாம் சரி என்பார். நேரில் போனேன். ஊரையும் பெயரையும் இங்கே எழுத மாட்டேன். கீழே பார்மசி, மேலே வைத்தியர்கள் வந்து நோயாளிகளைப் பார்க்கும் சனல் அறைகள், மூலையில் சில கட்டில்கள். தீவிர சிகிச்சைப் பிரிவே அங்கு கிடையாது. நிபுணர் தினமும் வந்து பார்த்ததாக பில்லில் கட்டணம் போட்டிருந்தார்கள். வாசற்பலகையிலோ அவர் கண்டியிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருவதாக எழுதியிருந்தது. சீலில் இருந்த பதிவு எண்ணை இலங்கை மருத்துவச் சபையின் இணையத்தளத்தில் தேடினேன். அது வேறொரு வைத்தியருடையது. அந்த பில்லுக்கு முந்தைய எண் பில்லையும் அடுத்த எண் பில்லையும் காட்டுங்கள் என்று கேட்டபோது முகாமையாளர் எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

அவருடைய தங்கை மகனிடம் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. "விவரமான பில் இணைக்க வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. அரசாங்கத்தில் பில்லே கொடுக்கவில்லை. கமிஷன் கொடுத்தால் போட்டுத் தருகிறேன் என்று டவுனில் ஒருவர் சொன்னார் சேர்" என்றான். மாமா விமான நிலையத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எனக்குத் தாங்க முடியாதது இதுதான். அவருடைய ஒப்பந்தத்தில், வார்டில் கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை இருந்தது. மாற்றிய விமான டிக்கெட்டுக்கும் பணம் இருந்தது. இரண்டும் அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியவை. ஆனால் பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டப்படி, மோசடியாகக் கோரிக்கை வைத்தால் அந்தக் கோரிக்கைக்குப் பணம் கொடுக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை. ஒரு பொய்த் தாள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. பில் பொய் என்று நான்தான் எழுதினேன். எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

பிறகு ஒரு முறை அவர் தொலைபேசியில் பேசினார். "தம்பி, நான் சாகக் கிடந்தது உண்மைதானே?" என்றார். "உண்மைதான் ஐயா. ஏழு பக்க அறிக்கையில் நான்கு பக்கம் அதைத்தான் எழுதியிருக்கிறேன்" என்றேன்.

நுவரெலியாவிலிருந்து ஓய்வுபெற்ற தாதி ஒருவர்:

தம்பி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இந்த பில் கேட்கும் கடிதங்களை நானும் பார்த்திருக்கிறேன். 1951 முதல் இந்த நாட்டில் அரசாங்க வைத்தியசாலை இலவசம். கட்டண வார்டுகள் சில இடங்களில் உண்டு. எங்கள் சாதாரண வார்டில் காசு வாங்கும் மேசைகூட இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது விளங்குவதில்லை. பில் இல்லை என்றால் நோயும் இல்லை என்று நினைக்கிறார்கள்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூச்சு வாங்க ஒருவரைத் தூக்கிவரும் வேளையில் கடவுச்சீட்டை யார் கொண்டுவருவார்கள்? தமிழ்ப் பெயரைச் சொல்வார்கள், சிங்களத்தில் கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவார்கள். இராமசாமி ரம்சாமி ஆவார். எங்கள் சனத்தின் பிறப்புச் சான்றிதழிலேயே இந்தப் பிழை இருக்கிறதே!

கனடாவிலிருந்து வந்த ஒரு பெண், தாயின் வார்ட் வாசலில் இதே படிவத்துடன் அழுதுகொண்டு நின்றார். வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் அழைத்துப் போனேன். இந்த நோயாளி இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை இங்கே இருந்தார், கட்டணம் அறவிடப்படவில்லை, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று மூன்று வரியில் ஒரு கடிதம் கொடுத்தார். அதுவே போதுமாக இருந்தது. பொய் பில் வாங்கிய அந்தத் தங்கை மகனுக்கு இதை யாரும் சொல்லவில்லையே என்றுதான் எனக்குத் துக்கம்.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி:

எங்கள் சித்தப்பா ஜெர்மனியிலிருந்து வந்த இடத்தில் நெஞ்சு வலி. நேற்று முதல் பதுளையில் வார்டில் இருக்கிறார். பயணக் காப்புறுதி இருக்கிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

ஹட்டனிலிருந்து ஒரு விசாரணையாளர்:

தங்கச்சி, இன்றைக்கே காப்புறுதித் தாளில் உள்ள அவசர எண்ணுக்கு அழையுங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவர் பெயரையும் குறித்து வையுங்கள். கடவுச்சீட்டை வார்டுக்குக் கொண்டுபோய், துண்டு வெட்டுவதற்கு முன்பே பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு திருத்துவது பெரும் பாடு. கார்டு கையில் கிடைத்ததும் படம் எடுத்துவிட்டு பொலித்தீன் உறையில் போடுங்கள், பதுளையிலும் மழைதானே. தாதி அம்மா சொன்ன கடிதத்தையும் கேளுங்கள். வெளியில் வாங்கும் மருந்துக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் ரசீது உண்டு, அதை எறிந்துவிடாதீர்கள். வேன்காரர் பில் தர மாட்டார். ஒரு தாளில் வாகன இலக்கம், திகதி, தொகை மூன்றையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அது எனக்குப் போதும், வேறு யார் விசாரித்தாலும் போதும்.

சித்தப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.