மறுசுழற்சிக் குப்பைக்கு வீடுகளிடம் கட்டணம் வாங்கலாமா?

கேள்வி: தரம் பிரித்துக் கொடுக்கும் குப்பைக்கும் தனிக் கட்டணம் கேட்பது நியாயமா? பழைய பேப்பரும் பாட்டிலும் காசு பெறும் பொருள்தானே?

பதில் 1: காசு பெறுவது சுத்தமான அட்டை, அலுமினியம், பெட் (PET) எனும் பிளாஸ்டிக்கில் செய்த தண்ணீர் பாட்டில் போன்றவை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்த்து ஒட்டிய பாக்கெட்டுகளை வாங்க ஆளில்லை. வண்டிக்கும் தரம் பிரிப்பவர்களின் கூலிக்கும் ஆகும் செலவு விற்பனையில் பெரும்பாலும் தேறாது. ஆனாலும் பிரித்துக் கொடுப்பவரிடம் காசு கேட்டால் யாரும் பிரிக்கவே மாட்டார்கள். கட்டணத்தை, மறுசுழற்சிக்கு ஆகாத மிச்சக் குப்பை மீது வையுங்கள். தென் கொரியாவில் 1995 முதல் இதுதான் நடைமுறை: மிச்சக் குப்பையைக் காசு கொடுத்து வாங்கிய பையில்தான் போட வேண்டும்; பிரித்து வைத்த மறுசுழற்சிப் பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

பதில் 2: அதில் ஒரு சிக்கல் உண்டு. பைக்கு ஆகும் காசை மிச்சம் பிடிக்க, டயப்பரையும் மீந்த சாப்பாட்டையும் மறுசுழற்சித் தொட்டியில் திணிப்பார்கள். எண்ணெய் ஊறிய அட்டை கூழாகும்போது எண்ணெய் நார்களில் ஒட்டிக்கொள்ளும்; தாளில் கறை விழும். பெட் பிளாஸ்டிக்கோடு, குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் கொஞ்சம் கலந்தாலே போதும், உருக்கும்போது அமிலம் கிளம்பி மொத்தமும் மஞ்சளாகிவிடும். இதற்கு ஒரே வழி, உள்ளே இருப்பது தெரியும் பை. கலப்படம் இருந்தால் எடுக்காமல், காரணம் எழுதிய சீட்டை ஒட்டிவிட்டுப் போக வேண்டும்.

பதில் 3: பாக்கெட்டைத் தயாரித்தவரை விட்டுவிட்டீர்களே! ஜெர்மனி 1991லேயே பேக்கேஜிங்கைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மேல் போட்டது. அந்தச் செலவு பொருளின் விலையில் சேரும் என்பது உண்மைதான். ஆனால் குறைவாக வாங்குபவர் குறைவாகக் கொடுப்பார். வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைத்தால் அதுவும் நடக்காது.