சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரைகள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். நோயாளிகள் சீட்டோடு வருவார்கள். எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு வருவார்கள். இரவுப் பணி முடித்த நர்ஸ் ஒருவர், "தொண்டை கரகரக்கிறது அண்ணா, அசித்ரோமைசின் ஓர் அட்டை கொடுங்கள்" என்பார். அது கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக். இரண்டு மாத்திரையில் தொண்டை தேறிவிடும். மிச்சம், அடுத்த ஷிப்டில் இருமுகிற தோழிக்குப் போகும். வார்டில் நோயாளியிடம் "கோர்ஸைப் பாதியில் நிறுத்தாதீர்கள்" என்று அதட்டுபவரும் இவர்தான். விடுப்புக் கேட்டால் மாற்று ஆள் கிடையாது. அதனால் இதில் எனக்குப் பெரிய கோபம் வருவதில்லை.

கோபம் வந்தது 2020 மார்ச்சில். கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்கள் தடுப்பு மருந்தாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்துக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) குழு பரிந்துரைத்தது. முதல் நாள் 400 மில்லிகிராம் இரு வேளை, பிறகு ஏழு வாரத்துக்கு வாரம் ஒருமுறை; அதுவும் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும். சீட்டு என்ற சொல் யார் காதிலும் விழவில்லை. கொரோனா வார்டுப் பக்கமே போகாதவர்கள்கூட மாமியாருக்கும் மச்சினனுக்கும் சேர்த்து வாங்கினார்கள். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடிய மருந்து அது. அசித்ரோமைசினோடு சேர்ந்தால் அந்த ஆபத்து கூடும். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அபூர்வம். அந்த வாரம், லூபஸ் என்ற, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்க்காக அதே மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் ஒரு பெண் பழைய சீட்டை நீட்டியபோது அலமாரி காலி. எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் செய்தேன், எங்கும் இல்லை.

இவற்றைவிட விசித்திரமானது, முடிக்கு நல்லது என்று பலர் சாப்பிடும் பயோட்டின் என்ற விட்டமினின் கதை. கொரோனா வந்து தேறிய எங்கள் நர்ஸ் ஒருவருக்குச் சீப்பு நிறைய முடி கொட்டியது. தினமும் 10 மில்லிகிராம் பயோட்டின் போட ஆரம்பித்தார். உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்தான். பிறகு ஏதோ படபடப்பு என்று தைராய்டு பரிசோதனை செய்தபோது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மிகக் குறைவு, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அதிகம். தைராய்டு மிகையாகச் சுரப்பதாக முடிவுகட்டி மாத்திரை தொடங்கவிருந்தார்கள். ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின், சில வகைப் பரிசோதனைகளின் வேதி முறையிலேயே குறுக்கிட்டு இப்படிப் பொய்யான அளவுகளைக் காட்டும். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டதற்கு "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆய்வகத்தில் இருந்த ஒரு தம்பிக்குச் சந்தேகம் வந்து முடி மாத்திரையைப் பற்றித் தனியாக விசாரித்தான். சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. படபடப்புக்குக் காரணம் தொடர் இரவுப் பணியும் காப்பியும்தான் போலிருக்கிறது.

இப்போதெல்லாம் எங்கள் ஆட்கள் எது கேட்டாலும், ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறேன். "மாத்திரை எதுவும் இல்லை அண்ணா, விட்டமின் மட்டும்தான்" என்கிறார்கள்.